ஏழு வெடி, ஆறு சத்தம்

எரிகிற கற்பூரத்தைச் சட்டென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அவ்வளவாகச் சுடாது. நான் அன்றைக்கு ஊர் பார்க்க வேண்டும் என்று மெதுவாக அணைத்தேன். அதனால் சுட்டது.

மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. உச்சி வெயில். கோயில் வாசலில் மாவிளக்கு வாசனையும் வேர்வை வாசனையும் கலந்து கிடந்தது. பூசாரி தட்டில் கற்பூரம் கொளுத்தியதும் நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! அதோ நிக்குதே கொல்லிமலை, அதை மேட்டூர்ல இருந்து தோள்ல தூக்கியாந்து இங்க வெச்சது நான்தான். இது சத்தியம்!"

சொல்லிவிட்டு, கையை வைத்து அணைத்தேன்.

ஒரு நிமிஷம் உடுக்கைச் சத்தம்கூட நின்றுபோயிற்று. எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைப்பது விளையாட்டுக் காரியம் இல்லை. வாய்க்கால் சண்டையோ வரப்புச் சண்டையோ, எதுவானாலும் கடைசியில் "கற்பூரம் அணைச்சுச் சொல்லு" என்பார்கள். அணைத்துவிட்டால் வழக்கு முடிந்தது. பொய்யாக அணைத்தால் கண் அவிந்துபோகும், கை அழுகிப்போகும், வம்சம் விளங்காது என்று பயம்.

"கண்ணு போச்சா? கையி போச்சா?" என்று நான் கையை எல்லோருக்கும் காட்டினேன். "இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தக் கல்லுக்குப் பயந்து சாவீங்க?"

இளவட்டங்கள் விசிலடித்தார்கள். என் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வயது இருபத்து மூன்று. சேந்தமங்கலத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். சாமி இல்லை என்று எழுதுகிற பத்திரிகைகளை அங்கே உரக்கப் படிப்பேன். உடம்பெல்லாம் கொழுப்பு. வேறென்ன சொல்ல?

ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு கடுதாசி

இதை இந்த வாரம் எழுதுவதாகவே இல்லை. என் கல்யாணத்தைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். அதற்குள் ஆட்டையாம்பட்டி அன்பர் ஒருவர் ஒரு கடுதாசி போட்டுவிட்டார்.

"வாராவாரம் எழுதுகிறீரே, இதெல்லாம் நடந்ததா, கட்டிவிட்ட கதையா? கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வீரா?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. காப்பி ஆறிப்போகிறது. வீட்டில் திட்டு.

சரி, எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

வெடிக்காரர்

நோம்பிக்கு மறுநாள் என் கடைக்கு வந்தவர் வெடிக்காரர் பொன்னன். என்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர். சேரியில் பிறந்து, சின்ன வயதிலேயே கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போய், பாறைக்கு வெடி வைக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். அங்கே ஒரு சங்கத்தாரோடு சேர்ந்து பௌத்தராகிவிட்டார். குடிசையில் ஒரு புத்தர் படம் ஒட்டியிருப்பார். அதற்குப் பூவும் கிடையாது, பொங்கலும் கிடையாது. சாயங்காலம் அதன் முன்னால் உட்கார்ந்து ஐந்து வாக்கியம் சொல்வார். கொல்லமாட்டேன், திருடமாட்டேன், தப்பாக நடக்கமாட்டேன், பொய் சொல்லமாட்டேன், குடிக்கமாட்டேன். அவ்வளவுதான் பூஜை.

எங்கள் பக்கம் கிணறு தோண்டினால் நாலு ஆள் ஆழத்தில் பாறை வந்துவிடும். பாறையில் குழி அடித்து, மருந்து கெட்டித்து, திரி வைத்துக் கொளுத்த வேண்டும். பொன்னன் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு தகர டின்னைத் தட்டுவார். கிணற்றுச் சுவரில் கூடு கட்டியிருக்கும் புறாக்கள் பறந்து போகட்டும் என்று. அதற்காக ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் வெடித்த பிறகு யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் எண்ணிக்கொண்டிருப்பார். ஏழு வைத்திருந்தால் ஏழு சத்தம் கேட்க வேண்டும். "ஏழும் ஆச்சுங்க, எறங்கலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் கடப்பாரையோடு இறங்குவார்கள். ஆறுதான் கேட்டது என்றால் மறுநாள் அவரே இறங்கி, அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துச் சுரண்டி எடுக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கை இறங்காது.

இதில் ஒரு கூத்து. தண்ணீர் வருகிற வரைக்கும் அது அவர் கிணறு. தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் கிணறு. அப்புறம் அவர் அதைத் தொடக்கூடாது. நான் அவரை 'அண்ணா' என்று கூப்பிட்டதற்கே ஊரில் என்னை முறைத்தவர்கள் உண்டு.

அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். கொப்புளம் எழும்பியிருந்தது.

"சுட்டுடுச்சுங்களா சாமி?"

கொங்கு நாட்டில் சின்னவர் பெரியவர் எல்லோரும் சாமிதான். நாத்திகனும் சாமிதான். அதில் எனக்கு வழக்கமாக ஒரு எரிச்சல்.

"லேசாச் சுட்டுது, போகட்டும் உடுங்கண்ணா. எப்படி என் வேலை? நீங்களும் சாமி இல்லைங்கற ஆளுதானே, சந்தோசப்பட வேண்டாமா?"

"சாமி இருக்குதா இல்லையான்னு நான் ரோசிக்கறதே இல்லீங்க. கெணத்துல உழுந்தவன் மேல ஏறப் பார்ப்பானா, இல்ல கெணத்த வெட்டுனவன் யாருன்னு கேட்டுட்டு இருப்பானா?"

"அப்புறம் எதுக்கு ஒரு மதம்? சாமியே வேண்டாம்னா அந்தப் படம் எதுக்கு, பஞ்சசீலம் எதுக்கு? தூக்கி எறிஞ்சுட்டு என்கூட வாங்க!"

"சாமி இல்லைன்னாத்தானுங்க அது வேணும்." அவர் சிரிக்கவில்லை. "மேல ஒருத்தன் பார்த்துக்கிட்டு இருக்கான்னா அவன் பார்த்துக்குவான். ஒருத்தனும் இல்லைன்னு ஆயிட்டா? நாமதானே பார்த்துக்கோணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப நான் பண்ணினது தப்பா? இல்லாத மாரியை நான் ஏமாத்திட்டனா?"

"இல்லாததை எப்படிங்க ஏமாத்தறது? சனம் அந்தக் கற்பூரத்துல வெச்சிருக்கறது சாமியை இல்லீங்க. ஒருத்தன் சொல்றதை இன்னொருத்தன் நம்பறதுக்கு அவங்களுக்கு அது ஒண்ணுதான் இருக்குது. நீங்க அதுல காறித் துப்பிட்டீங்க. நாளைக்கு ஒரு நெசத்தைச் சொல்ல உங்களுக்கு அந்த வாய் வேணுமுங்களே?"

"போங்கண்ணா, நீங்களும் உங்க போதனையும்!" என்று நான் பங்க்சர் ஒட்டப் போய்விட்டேன். அவரும் கோபமாகத்தான் போனார். டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டார்.

சோளத்தட்டுப் போர்

ஒரு மாதம் இருக்கும். என் தாய்மாமனுடைய பெரிய தோட்டத்தில் சோளத்தட்டுப் போர் பட்டப்பகலில் பற்றி எரிந்தது. மாடுகளுக்கு ஆறு மாதத் தீனி. புகை சேந்தமங்கலம் வரைக்கும் தெரிந்தது.

முதல் நாள்தான் மாமாவுக்கும் அவருடைய பண்ணையாள் சின்னானுக்கும் வாய்த்தகராறு. சின்னானின் குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை, மாமா கை நீட்டிவிட்டார். ஆகவே போருக்குத் தீ வைத்தவன் சின்னான்தான் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அடுத்த நாள் பிற்பகல் கோயில் வாசலில் ஊர் கூடும், தப்பு ருசுவானால் சின்னான் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும்.

சின்னான் தீ வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் தீப்பிடித்த அந்த உச்சிப்பொழுதில் அவன் என்னோடு இருந்தான்.

மலையடிவாரத்தில் என் சைக்கிள் சக்கரத்தில் வேலமுள் ஏறிவிட்டது. குழந்தையின் காய்ச்சலுக்கு ஏதோ தழை பறிக்க வந்திருந்த சின்னான், சைக்கிளைத் தோளில் தூக்கி ஓடையைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தான். புங்கமர நிழலில் உட்கார்ந்து அவன் தூக்குப்போசியில் இருந்த கம்மங்கூழை இரண்டு பேரும் குடித்தோம். அங்கிருந்துதான் புகையைப் பார்த்தோம். எங்களைத் தவிர அங்கே வேறு ஆள் கிடையாது.

சின்னானின் மனைவி வள்ளி, வெடிக்காரர் பொன்னனின் கூடப்பிறந்த தங்கை.

கூட்டம்

சின்னானே கற்பூரம் அணைத்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமா கேட்டது மாரியம்மன் முன்னால் சத்தியம். சேரிக்காரன் அந்த வாசலைத் தாண்டக்கூடாது. உள்ளே வர முடியாதவன் எப்படிச் சத்தியம் செய்வான்? அவனுக்காக உள்ளே போகக்கூடிய ஒருவன் செய்யலாம். அந்த ஒருவன் நான்தான்.

நான் எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். கூழ் குடித்ததையும் சேர்த்துத்தான். முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். "கற்பூரம் கொளுத்துங்க, அணைக்கறேன்" என்று முன்னால் போனேன்.

பூசாரி கொளுத்தவில்லை. ஊர்க்கவுண்டரைப் பார்த்தார். கூட்டத்தில் எவனோ ஒருவன், "ஏனப்பா, போன தடவை தூக்குன கொல்லிமலையை எறக்கி வெச்சுட்டயா?" என்றான்.

ஊரே சிரித்தது. அன்றைக்கு எனக்காக விசிலடித்த இளவட்டங்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் மாமா. "நீ அணைச்சு என்ன ஆகப்போவுது? சத்தியத்துக்குப் பயந்தவன் அணைக்கோணும். உன்ற சத்தியம் செல்லாக்காசு."

"நான் சொல்றது நெசம் மாமா!"

"அன்னிக்கும் இப்படித்தானே கத்துன?"

வாழ்நாளில் நான் பேச வாயில்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

அப்போது ஊர்க்கவுண்டர், வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்ற பொன்னனைப் பார்த்தார். "பொன்னா, உன்ற சொல்லை நம்பித்தான் எங்க ஆளுகளை ஆழத்துல எறக்கறோம். நீ கற்பூரமும் அணைக்க வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன்ற மச்சான் அந்நேரம் மலையடிவாரத்துல இருந்தானா? நீ பார்த்தயா? ஆமான்னு சொல்லு, உட்டுர்றோம்."

பாருங்கள் வேடிக்கையை. என்னைப் போல அவரும் சாமியைக் கும்பிடாதவர்தான். அவரை நம்புகிறார்கள்.

நான் கண்ணாலே கெஞ்சினேன். ஆமா என்று சொல்லுங்கள் அண்ணா. ஒரே வார்த்தை. உண்மைதானே அது? வள்ளி காய்ச்சல் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணன் வாயையே பார்த்தாள்.

பொன்னனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"நான் பார்க்கலீங்க சாமி," என்றார். "சைக்கிள் கடைக்காரரு சொல்றதை நம்பறேனுங்க. ஆனா நான் பார்க்கலீங்க."

"நீ நம்புனாப் போதுமா?" என்று மாமா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சின்னான் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாகிக் கூட்டம் முடிந்தது.

ரோட்டில்

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். ராசிபுரம் ரோட்டில் புளியமரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்கள். சின்னான் தலையில் சட்டிபானை, வள்ளி இடுப்பில் குழந்தை. பொன்னனை ஊர் விரட்டவில்லை. ஆனாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தார். வள்ளி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சைக்கிளை ரோட்டோரம் போட்டுவிட்டுக் கத்தினேன். "ஒரு பொய் சொன்னா உங்க புத்தர் வந்து கண்ணைக் குத்திடுவாரா? சொந்தத் தங்கச்சியைத் தெருவுல உட்டுட்டு உங்களுக்கு என்ன சீலம், என்ன மயிர் சீலம்?"

பொன்னன் மூட்டையைத் தடாலென்று கீழே போட்டார். முதல் தடவையாக அவர் கத்தி நான் கேட்டேன். "நெசத்தைச் சொல்றதுக்கு நீங்க இருந்தீங்க! பார்த்தவரு நீங்க! உங்க வாயை நீங்க வெளையாடித் தொலைச்சுட்டு என்ற வாயைக் கேக்கறீங்களா? இதுல பொய்யைப் போட்டுட்டு நாளைக்கு எந்த வாயிலீங்க நான் கெணத்து மேல நின்னு ஏழுன்னு சொல்றது?"

வள்ளி அப்போதுதான் திரும்பினாள். "என்ற அண்ணன் ரொம்ப நல்லவருங்க சாமி. அந்த நல்லதைப் போட்டுக் கஞ்சி காச்சிக் கொழந்தைக்கு ஊத்தறேன், போங்க."

பொன்னன் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று காலையில் தோன்றும், கூடாது என்று மாலையில் தோன்றும். முப்பது முப்பத்தைந்து வருஷமாக இதே பாடு.

பொன்னன் திடீரென்று தலையில் கை வைத்தார்.

"சாமி... உங்க மாமா தோட்டத்துல வெட்டற கெணத்துல நேத்துக் காலையில ஏழு வெச்சேன். ஆறுதான் கேட்டுது. கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்கன்னு சொல்லாம வந்துட்டேனுங்க. கீழ்மூலையில ஒண்ணு அப்படியே நிக்குது. ஓடுங்க! எறங்க வேண்டாம்னு சொல்லுங்க!"

கிணறு

அன்று மிதித்த மாதிரி நான் என்றைக்கும் சைக்கிள் மிதித்ததில்லை. போய்ச் சேர்ந்தபோது நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார்கள். பொன்னன் ஒன்றும் சொல்லாமல் போனதால் ஏழும் வெடித்துவிட்டது என்று முடிவு கட்டி, மாமா மேட்டில் நின்று விரட்டிக்கொண்டிருந்தார்.

"எறங்காதீங்க! ஒரு வெடி பாக்கி இருக்குது! பொன்னண்ணன் சொல்லியனுப்புனாரு!"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவங்களைத் திருப்பிக் கூட்டியாறதுக்கு இது ஒரு தந்திரமா மாப்பிள்ளை? பொன்னன் சொன்னானா, நீ சொல்றயா?"

"அவருதான் சொன்னாரு மாமா! நெசமா!"

கயிறு கட்டியிருந்த ஆள் ஒருவன் தயங்கினான். அப்புறம் பாவமாக என்னைக் கேட்டான். கேலியே இல்லை அதில். "ஏனுங்க சாமி, இது நெசந்தானுங்களா? இல்ல, கொல்லிமலை மாதிரிங்களா?"

ஐயோ, அந்தக் கேள்வி! கோயில் வாசலில் ஊரே சிரித்தது எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. நாலு உயிர், கையில் உண்மை, ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

"எறங்குங்கடா, நேரமாச்சு," என்றார் மாமா.

நான் கயிற்றைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு முதலில் இறங்கினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கீழே மருந்து நெடி. கீழ்மூலைக்குப் போனேன். கருகிய திரியின் நுனி பாறைக் குழியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், முழங்கால் ஒட்ட, சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

"இப்ப எறங்கி அடிங்கடா கடப்பாரையை!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். "என்ற சத்தியம் இதுதான்!"

ஒருவனும் இறங்கவில்லை. மாமா மட்டும் "ஏறி வாடா, பைத்தியக்காரா" என்று நாலைந்து தரம் கத்தினார். ஏறினால் அவர்களை இறக்கிவிடுவார் என்று நான் அசையவில்லை. வெயில் கிணற்றுச் சுவரில் மெல்ல மெல்ல இறங்கியது. பயம்தான், மறைக்க என்ன இருக்கிறது? வாய் தன்பாட்டுக்கு என்னவோ முணுமுணுத்தது. மாரியம்மன் பேரோ என்று திடுக்கிட்டுக் கவனித்தேன். இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

உச்சிப்பொழுதில் மேலே தகர டின் சத்தம் கேட்டது. புறாக்கள் படபடத்துப் பறந்தன.

பொன்னன் ஒரு குடம் தண்ணீரோடு இறங்கி வந்தார். புழுதியும் வேர்வையுமாக மூச்சு வாங்கியது. ஒன்றும் பேசாமல் என்னைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டுக் குழியில் தண்ணீரை ஊற்றினார்.

"நீங்க ஏண்ணா வந்தீங்க? நான்தான் சொல்றேன்னு வந்தனே?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க சொன்னா நம்பமாட்டாங்கன்னு பாதி வழியில தோணுச்சுங்க சாமி."

மேட்டில்

நனைந்த மருந்தை மரக்குச்சியால் சுரண்டி, வாழை இலையில் வைத்து மேலே கொண்டுவந்து காட்டினார். கரேலென்று ஒரு பிடி இருந்தது. கயிறு கட்டிய நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மாமாவின் குரல் இறங்கிவிட்டது. "பொன்னா, இப்பக் கேக்கறேன். சின்னான் தீ வெக்கலைன்னு சொல்லு. சொன்னா வண்டி அனுப்பறேன்."

இப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"நான் பார்க்கலீங்க," என்றார் பொன்னன். "பார்த்தவரு பக்கத்துல நிக்கறாரு. அவரைக் கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். கற்பூரம் இல்லை, பூசாரி இல்லை. என் உள்ளங்கை ரத்தமாக இருந்தது.

"பார்த்தேன் மாமா."

மாமா வண்டி பூட்டச் சொன்னார். பிறகு, "அப்புறம் ஏண்டா அன்னிக்குக் கொல்லிமலையைத் தூக்குன?" என்று கேட்டார்.

வண்டி போயிற்று. வெறும் வண்டியாகத் திரும்பி வந்தது. "ஒரு தடவை தொரத்துன ஊருக்கு வரமாட்டோமுங்க" என்று வள்ளி சொல்லிவிட்டாளாம். மேட்டூர் அணைப்பக்கம் சின்னான் மீன் வலை இழுக்கப் போனதாகக் கேள்வி. பொன்னன் கோலாருக்கே போய்விட்டார். அந்தக் குழந்தை பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போருக்கு யார் தீ வைத்தது என்பதும் கடைசி வரை தெரியவில்லை. மாமாவின் சுருட்டின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நான் பார்க்கவில்லை.

சாமி இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். பத்து மேடையில் ஏறிச் சொல்வேன். மேலிருந்து யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வயதாக ஆக என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

ஆட்டையாம்பட்டி அன்பருக்கு: கற்பூரம் அணைக்கிற பழக்கத்தை நான் விட்டு வெகுகாலமாகிறது. இதில் எழுதியது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டால் உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அன்றைக்கு மாரியம்மன் வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையை நான் தூக்கி வைக்கவில்லை. அது பொய்.